நான்காம் கூறும் அதன் இடமும்: பெருநகர மருத்துவமனையில் வரவேற்பு என்னும் அறச்சிக்கல்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. மருத்துவன் செயலை இறுதிப் பகுதியில்தான் தொடுகிறது. அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவம் எத்தனை கூறுகளால் ஆவது என்று எண்ணிக் காட்டுகிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. முதல் மூன்றும் எவரும் எதிர்பார்க்கக் கூடியவை. நான்காவதை அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணியதே நின்று நோக்கத்தக்கது. 'உழை' என்பது பக்கத்தைக் குறிக்கும் சொல். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையாமல் செலுத்துபவன் உழைச்செல்வான். பரிமேலழகர் நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைக்கிறார். சரக சங்கிதையும் மருத்துவத்தின் நான்கு பாதங்களுள் ஒன்றாகப் பரிசாரகனை வைத்து, அவனுக்கு நான்கு பண்புகளை விதிக்கிறது. இரு மரபிலும் அன்பும் தூய்மையும் கேட்கப்படுகின்றன. செயல்திறனும் பணியறிவும் கேட்கப்படுகின்றன. இரத்த உறவு கேட்கப்படவில்லை. இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

பெருநகர மருத்துவமனை ஒன்றின் வரைபடத்தை இக்குறளோடு ஒப்பிட்டு நோக்கினால் ஒரு குறை புலப்படும். நோயுற்றவனுக்குக் கட்டில் உண்டு. தீர்ப்பவனுக்கு அறையும் அறுவைக்கூடமும் உண்டு. மருந்துக்குக் குளிரூட்டப்பட்ட கிடங்கே உண்டு. உழைச்செல்வானுக்கு என்று வரையப்பட்ட இடம் பெரும்பாலும் இருப்பதில்லை; இருந்தால் அது 'காத்திருக்கும் பகுதி' என்ற பெயரில் சில வரிசை நாற்காலிகளாகச் சுருங்கிவிடுகிறது. மருத்துவமனையை மக்கள் அஞ்சாது புகும் பொதுவிடமாக அமைக்க வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் கட்டடக் கலைஞரிடையே வலுப்பெற்றுள்ளது. அவ்வரவேற்பு யாருக்குரியது, அது கொடையா கடனா என்னும் வினாவை இந்தியப் பெருநகர மருத்துவமனைகளை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் வரலாறும்

ஐரோப்பிய மொழிகளில் மருத்துவமனையைக் குறிக்கும் சொல் இலத்தீன் மொழியின் 'ஹாஸ்பெஸ்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. விருந்தினன், விருந்தளிப்பவன் ஆகிய இருவரையும் அவ்வொரு சொல்லே குறித்தது. 'ஹோட்டல்' என்பதும் அதன் கிளையே. நம் வழக்கிலுள்ள 'ஆஸ்பத்திரி'யும் அவ்வழி வந்ததாதலின், அச்சொல்லை ஒலிக்குந்தோறும் நாம் அறியாமலே விருந்தைப் பற்றிப் பேசுகிறோம். தமிழில் 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். உறவினன் வருவது விருந்தாகாது. 'மருத்துவமனை' என்னும் பிற்கால ஆக்கத்திலோ வீட்டைக் குறிக்கும் 'மனை' அமைந்துள்ளது. புதியவன் ஒருவன் தன் வீட்டில் இருப்பதுபோல் இருத்தற்குரிய இடம் என்னும் பொருள்வளம் இச்சொற்களில் பொதிந்து கிடக்கிறது.

சோழர் காலத்தில் வழங்கிய சொல் 'ஆதுலர்சாலை'. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியன கூடும் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு, வீரராசேந்திரன் காலத்தது; ஏறத்தாழ கி.பி. 1068ஆம் ஆண்டினது. வீரசோழன் என்னும் பெயர் கொண்ட, 15 படுக்கைகள் உடைய ஆதுலர்சாலை ஒன்றை அது விரித்துரைக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், மருந்திடும் பெண்டிர், நாவிதர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டுள்ளனர். படுத்திருப்போர்க்கு அரிசியும், இரவெல்லாம் எரியும் விளக்குக்கு எண்ணெயும் ஒதுக்கப்பட்டுள்ளன. உழைச்செல்வான் என்னும் நான்காம் கூறு இங்கு ஊதியம் பெறும் பெண்டிராக, நிவந்தக் கணக்கில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. எனினும் இதனைக் காட்டிப் பழம்பெருமை பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்த ஆதுலர்சாலை கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்குமாக அமைந்தது. வழியே சென்ற எவரும் நுழைதற்குரிய பொதுவிடமாக அதனைக் கொள்ளச் சான்றில்லை.

பொதுமை என்பது வரலாற்றில் மெல்ல ஈட்டப்பட்டது. 1885இல் சென்னையில் தொடங்கப்பட்ட மகளிர் மருத்துவமனை, சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் உரியது என்று தன் பெயரிலேயே பொறித்துக்கொண்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கி வீட்டுக்குள்ளேயே மடிந்த பெண்களை வரவேற்க எடுத்த நன்முயற்சி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சாரார் தயக்கமின்றி வருவதற்காக மற்றொரு சாராரை வாயிலிலேயே விலக்கும் பெயர்ப்பலகை அங்கு வேண்டியிருந்தது. யாரை வரவேற்பதற்கு யார் விலக்கப்படுகின்றனர் என்னும் கேள்வியை எந்த மருத்துவமனையின் முகப்பிலும் இன்றும் கேட்கலாம்.

வாயிலுக்கு வெளியே

தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், எய்ம்ஸ் என்று மக்கள் அழைப்பது, 1956ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. விடுதலை பெற்ற நாட்டின் முதல் நலவாழ்வு அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் முனைப்பு அதன் பின்னால் இருந்தது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர், தனியே வருவதில்லை. ஒரு நோயாளியுடன் ஒருவரோ இருவரோ மூவரோ வருகின்றனர். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவரின் அருகில் ஒருவர் இருக்க இசைவு கிடைக்கும். மற்றவர் வெளியே வர வேண்டும். வெளியே என்பது நடைபாதை, பேருந்து நிறுத்தத்தின் கூரை, மெட்ரோ நிலையத்தின் வாயிற்புறம், சாலையைக் கடக்கும் சுரங்கப்பாதை. புறநோயாளியின் நிலை இன்னும் கடினமானது. ஆய்வுக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள், மருத்துவரைக் காண மற்றொரு நாள் என நாட்கள் பிரிந்து கிடக்க, ஊருக்குச் சென்று மீளப் பணமின்றி நோயாளியும் அதே நடைபாதையில் தங்க நேர்கிறது. 2025 சனவரியில், தில்லிக் குளிரின் உச்சத்தில், அந்நடைபாதையில் போர்வைகளின் கீழ்க் கிடந்தோர் நாடறிந்த செய்தியாயினர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது செய்தியாவதும் பின் மறைவதும் வழக்கமாகிவிட்டது.

அக்கழகத்தை மட்டும் இதற்குக் குறைகூறுதல் பொருந்தாது. மாவட்டத் தலைநகரில் கிடைக்க வேண்டிய சிகிச்சை அங்குக் கிடைக்காமையே கூட்டத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளுகிறது. ஓய்வில்லங்கள் கட்டப்படாமலும் இல்லை. எய்ம்ஸின் ஜஜ்ஜர் வளாகத்தில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தை அடுத்து 806 படுக்கைகள் கொண்ட ஓய்வில்லம் 2021 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு தனியார் அறக்கட்டளையின் நிதியில் எழுந்தது அது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வரும் புற்றுநோயாளருக்கும் உடன்வருவோருக்கும் தாதரிலுள்ள காட்கே மகராஜ் தர்மசாலை நெடுங்காலமாக இடமளித்து வருகிறது. இவை போற்றத்தக்கன. ஆனால் இவை அனைத்தும் மருத்துவமனைக்கு அருகே, மருத்துவமனை கட்டிமுடிந்த பின்னர், மற்றொருவர் கொடையால் எழுந்தவை என்பதையும் குறிக்க வேண்டும். மருத்துவமனையின் முதல் வரைபடத்தில் நான்காம் கூறு இருந்ததில்லை. பின்னிணைப்பாகவே அது வருகிறது.

உடன்வந்தவர் அங்கு என்ன செய்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறார். தள்ளுவண்டியைத் தேடிக் கொணர்ந்து நோயாளியைத் தாமே தள்ளிச் செல்கிறார். இரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுகிறார். முடிவை வாங்கி மருத்துவரிடம் சேர்க்கிறார். உள்ளே இல்லாத மருந்தை வெளிக்கடையில் வாங்குகிறார். குருதி வேண்டுமென்றால் கொடையாளியைத் தேடுகிறார் அல்லது தாமே கை நீட்டுகிறார். இரவில் சொட்டுமருந்து தீர்ந்துவிட்டதா என்று விழித்திருந்து பார்த்துச் செவிலியை அழைப்பவரும் அவரே. ஒரு செவிலி பல கட்டில்களைக் கவனிக்க நேரும் பொதுச்சிகிச்சைப் பிரிவுகளில், உடன்வந்தவர் ஒரு நாள் வாராதிருப்பின் மருத்துவமனையே நின்றுபோகும் என்றாலும் மிகையாகாது. வள்ளுவர் அவரைக் கூறுகளுள் ஒன்றாக எண்ணியது இங்கு வெறும் இலக்கியக் கருத்தாக நிற்கவில்லை. நாள்தோறும் நடைமுறையாக இருக்கிறது. அதே மனிதர் மாலையில் பார்வை நேரம் முடிந்ததும் 'கூட்டம்' ஆகிவிடுகிறார். காவலரின் கோலுக்கு முன்னால் கலைய வேண்டியவர் ஆகிறார்.

விருந்தோ கடனோ

இவ்விடத்தில் 'வரவேற்பு' என்ற சொல்லையே சற்று ஐயுற வேண்டியுள்ளது. வரவேற்பு விருந்தின் சொல். விருந்தினனுக்கு இடமளித்தல் வீட்டாரின் பண்பைச் சார்ந்தது. அளித்தால் புகழ், அளிக்காவிடில் பழி, ஆனால் வழக்காட இயலாது. ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1795இல் நிலையான அமைதி குறித்து எழுதிய நூலில் இதற்கு ஒரு திருத்தம் செய்தார். புதியவன் ஒருவன் பிறர் நிலத்தில் கால்வைக்கும்போது பகைவனாக நடத்தப்படாதிருத்தல் அவனுடைய உரிமை. பூமியின் பரப்பு அனைவருக்கும் பொதுவாதலின் அது வள்ளன்மையைச் சார்ந்ததன்று என்பது அவர் கருத்து. எனினும் அவ்வுரிமையை வந்து செல்லும் உரிமையாகவே அவர் வரையறுத்தார். தங்கும் விருந்தினனின் உரிமையாக விரிக்கவில்லை. மருத்துவமனையின் பார்வை நேரம் கான்ட்டின் இவ்வரையறையை அப்படியே நினைவூட்டுகிறது. வரலாம், காணலாம், மணி அடித்ததும் செல்ல வேண்டும்.

நாடுகளுக்கிடையே பொருந்தும் இவ்வரையறை உழைச்செல்வானுக்குப் பொருந்துமா? அவர் பார்க்க வந்தவரானால் பொருந்தும். மேலே கண்டவாறு அவர் மருத்துவமனையின் பணியைச் செய்பவர். தன் பணியில் பாதியை ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, அவரை விருந்தினர் என்று அழைத்து, விருந்தினருக்குரிய இடத்தையும் மறுப்பது இருமுறை செய்யும் அநீதியாகும். ஆகவே அவருக்கு நிழலும் நீரும் கழிப்பறையும் படுக்க இடமும் அளிப்பதைக் கருணை என்னும் தலைப்பின்கீழ் வைப்பது பிழை. கடன் என்னும் தலைப்பின்கீழ் வைக்க வேண்டியது அது. கருணைக்கு நிதி மிஞ்சும்போது இடம் உண்டு. கடன் வரவுசெலவுத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே வர வேண்டும். ஓய்வில்லங்கள் கொடையாளரின் பெயர் தாங்கி நிற்பதும் அறுவைக்கூடம் அவ்வாறு காத்திராமல் அரசின் நிதியில் எழுவதும் இவ்விரு தலைப்புகளின் வேறுபாட்டை நன்கு காட்டும்.

இதனைக் கூறும்போதே ஓர் எதிர்ப்பும் எழுகிறது. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. உறவினருக்கு நிலையான இடம் வகுத்துவிட்டால், செவிலியரை நியமிக்க வேண்டிய அரசு அப்பொறுப்பைக் குடும்பத்தின் மேல் சுமத்தி அமைதி கொள்ளாதா? அவ்வுழைப்பில் பெரும்பகுதி மனைவியர், தாயர், மகளிரின் ஊதியமற்ற உழைப்பாகவே இருக்கிறது. மேலும், உடன்வர எவருமில்லாதவர் நிலை என்ன? 'கூட யார் வந்திருக்கிறார்கள்?' என்பதே பல இடங்களில் நோயாளியிடம் கேட்கப்படும் முதற்கேள்வி. ஒருவருமில்லை என்ற விடை அங்கு ஒரு குற்றம்போல் ஒலிக்கிறது. முன்னர்ச் சுட்டிய குறிப்பு இங்குத் துணைசெய்யும். உரைகாரரும் சரகரும் அன்பைக் கேட்டனர், உறவைக் கேட்கவில்லை. திருமுக்கூடல் அப்பணிக்கு நெல் அளந்தது. ஆகவே நான்காம் கூறு இருந்தே தீர வேண்டும்; அது உறவாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. உறவில்லாதவனுக்கு நிறுவனம் அதனைத் தர வேண்டும். உறவுள்ளவனிடமிருந்து நிறுவனம் அதனைப் பறிக்கக் கூடாது. இவ்விரண்டும் ஒரே கடனின் இரு பகுதிகள்.

கட்டடத்தின் முகம்

முகம் திரிந்து நோக்கிய அளவிலேயே விருந்து வாடிவிடும் என்பது வள்ளுவர் கூறும் நுட்பம். கட்டடத்துக்கும் முகம் உண்டு. அண்மைக் காலத்தில் எழுந்த தனியார் பெருமருத்துவமனைகள் பலவற்றின் முகப்புக்கூடம் நட்சத்திர ஓட்டலை ஒத்திருக்கிறது. பளிங்குத் தரை, செயற்கை நீரூற்று, காப்பிக்கடை, புன்னகையோடு எழுந்து நிற்கும் வரவேற்பாளர் என எல்லாம் உண்டு. மருந்து நெடி இல்லாமையே அங்குப் பெருமையாகக் கருதப்படுகிறது. இதனை வரவேற்கும் பொதுவிடம் எனக் கொள்ளுதல் கூடுமா? ரப்பர்ச் செருப்பணிந்து துணிமூட்டையோடு வந்தவர் அப்பளிங்கின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி நிற்பதைக் காண்பவர் விடையறிவர். ஓட்டலின் வரவேற்பு பணத்தை முன்னிட்டது. அங்கு முகம் திரிவதில்லை. யாருக்கு மலர வேண்டுமென்பதை வாயிற்காவலர் முன்பே தெரிந்து வைத்திருக்கிறார், அவ்வளவே. அரசு மருத்துவமனையின் அழுக்கேறிய தாழ்வாரத்தில் கால்நீட்டி அமர்ந்து தூக்குவாளியைத் திறக்கும் மூதாட்டி, அத்தயக்கம் இன்றி அமர்கிறார். அந்த அழுக்கைப் போற்ற வேண்டியதில்லை. அந்த அமர்தலைப் போற்ற வேண்டும். தூய தாழ்வாரத்திலும் அது நிகழுமாறு செய்வதே கலைஞனின் பணி.

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ, பைமியோவில் 1933இல் கட்டி முடித்த காசநோய் மருத்துவமனையில் எளிய வினா ஒன்றிலிருந்து தொடங்கினார். அறைகள் பொதுவாக நிற்பவனுக்காகவும் நடப்பவனுக்காகவும் கட்டப்படுகின்றன, நோயாளியோ படுத்திருப்பவன். ஆதலின் அவன் நாள் முழுதும் நோக்கியிருக்கும் கூரைக்கு அமைதியான நிறம் தந்தார். விளக்கைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். உடன் தங்கியவரின் உறக்கம் கெடாதிருக்க நீர் விழும் ஓசை எழாத கைகழுவுத் தொட்டியை வடிவமைத்தார். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதே திசையில் அளவைச் சான்று தந்தது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர், செங்கற்சுவரைக் கண்டவரினும் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தன. மருத்துவமனைக் கட்டடக் கலையில் இவ்வாய்வு பெற்ற செல்வாக்கு பெரிது. ஆயினும் ஆல்டோவின் அறையிலும் உல்ரிச்சின் சாளரத்திலும் இருப்பவன் தனியன். அவன் பக்கத்தில் அமர்ந்திருப்பவளின் முதுகுக்குச் சாய்மானம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர் மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ். புற்றுநோயாளியான அவர், நோய் முற்றியதென்னும் செய்தியை மருத்துவரிடம் கேட்டபின் அமர்ந்து அழவும் ஓர் இடமின்றித் தாழ்வாரத்தில் விடப்பட்டதை எண்ணி வேறுவகையான இல்லமொன்றைக் கருதினார். அவர் 1995இல் மறைந்தார். 1996இல் எடின்பரோ நகரில், மருத்துவமனை வளாகத்திலிருந்த பழைய குதிரைலாயம் ஒன்றைத் திருத்தி முதல் 'மேகி' இல்லம் திறக்கப்பட்டது. இவ்வில்லங்களில் வரவேற்பு மேசை கிடையாது. நடுவில் அடுக்களையும் பெரிய உணவு மேசையும் உண்டு. வருபவர் தேநீரைத் தாமே கலந்துகொள்ளலாம். நோயாளிக்கும் உடன்வந்தவருக்கும் அங்கு வேறுபாடில்லை. பெயர் கேட்டுப் பதிவு செய்யும் மேசையை நீக்கிவிட்டு அடுப்பை நடுவில் வைத்ததே அவ்வில்லத்தின் மெய்யியல் எனலாம். இந்தியப் பெருமருத்துவமனையின் கூட்டத்துக்கு இவ்வளவு சிறிய வடிவம் போதாது. எனினும் அடுப்பைப் பற்றிய அவர் எண்ணம் நமக்கு அயலானதன்று. மருத்துவமனைகளைச் சுற்றிய சந்துகளில் மண்ணெண்ணெய் அடுப்போடு அறைவாடகைக்குத் தங்கி, உப்பில்லாத கஞ்சியைக் காய்ச்சி நோயாளிக்கு எடுத்துச் செல்வோர் அதனை நாள்தோறும் செய்கின்றனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளும் வங்காளச் சமையலும் பெருகியிருப்பது இவ்வாறே. தொலைவிலிருந்து வருவோரின் மொழியை மருத்துவமனைக்கு முன்னதாகத் தெருவே கற்றுக்கொண்டுவிட்டது. தில்லியில் வழிகாட்டிப் பலகையின் முன் நிற்கும் தமிழ் முதியவருக்கும் இக்கல்வி பயன்படும்.

கதவைத் திறத்தலின் இடர்

கதவைத் திறந்து வைப்பதற்கு எதிராகத் தொற்றும் பாதுகாப்பும் காட்டப்படுகின்றன. இரண்டும் மெய்யான காரணங்கள். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்று மருத்துவமனை வாயில்களை அடைத்தது. எண்ணற்றோர் பக்கத்தில் எவருமின்றி இறந்தனர். அந்நாளில் அது தவிர்க்க இயலாததாகத் தோன்றியது. பாதுகாப்பு உடையணிந்த ஒருவரையேனும் உள்ளே விட்டிருக்கலாமே என்னும் துயரம் பின்னர்ப் பல குடும்பங்களில் ஆறாது நின்றது. தனித்து இறத்தலைத் தொற்றின் விலையாக ஏற்றுக்கொண்டபோது, நான்காம் கூறு மருத்துவத்தின் பகுதியன்று என்று நாம் அமைதியாக ஒப்புக்கொண்டோம் எனலாம்.

பாதுகாப்புப் பற்றிய வாதத்தை மேலும் ஆராய வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடெங்கும் மருத்துவர்கள் பணிநிறுத்தம் செய்தனர். உச்ச நீதிமன்றம் தானே வழக்கை எடுத்துக்கொண்டு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. வாயில்களை இறுக்க வேண்டும், உறவினர் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற குரல் அப்போது வலுத்தது. உறவினர் மருத்துவரைத் தாக்கும் நிகழ்வுகள் உண்மையில் நடப்பதால் அக்குரலில் நியாயமும் உண்டு. ஆயினும் அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர் நோயாளியின் உறவினர் அல்லர். காவல் துறையோடு இணைந்த தன்னார்வலராக மருத்துவமனைக்குள் தடையின்றி நடமாடியவர். கொல்லப்பட்டவரோ நீண்ட பணிக்கிடையே இளைப்பாற வேறிடமின்றிக் கருத்தரங்க அறையில் படுத்திருந்தவர். தீர்ப்பவருக்கே படுக்க இடம் வகுக்காத கட்டடம் அது என்பதை அந்நிகழ்வு காட்டியது. இரவுப் பணியாளர் ஓய்வறையும் உறவினர் ஓய்வறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல; ஒரே மறதியில் விடுபட்டவை. இடமின்றி அலையும் கூட்டமே பதற்றமுடையது. செய்தி எதுவும் சொல்லப்படாமல் மணிக்கணக்கில் நிற்க வைக்கப்பட்டவரே முதலில் கை ஓங்குகிறார்.

மூடிய கதவின் இடரையும் அதே நகரம் கண்டுள்ளது. 2011 டிசம்பரில் அங்கு ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றி, ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். பெரும்பாலோர் புகையில் மூச்சுத்திணறி இறந்த நோயாளிகள். விடியுமுன் புகையைக் கண்டு முதலில் ஓடி வந்தவர் அருகிலிருந்த குடிசைப் பகுதி இளைஞர். அவர்களைக் காவலர்கள் உள்ளே விடவில்லை என்று அந்நாள் செய்தித்தாள்கள் பதிவு செய்தன. பின்னர் அவ்விளைஞரே கண்ணாடிகளை உடைத்தும் கயிறு கட்டியும் பலரை இறக்கினர். குளிர்காற்று வெளியேறாதிருக்க அடைக்கப்பட்ட கண்ணாடிச் சுவர் புகையையும் வெளியேற விடவில்லை. அண்டை வீட்டாரை அயலாராகவே வைத்திருந்த ஒரு வாயில், அவர்களே காப்பவராக வந்தபோதும் அவர்களை அடையாளம் காணவில்லை. மருத்துவமனை பொதுவிடமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் கடுமையான காரணம் காட்டுதல் அரிது.

பொதுவிடம் என்பதைக் காவலற்ற இடம் என்று கொள்ள வேண்டியதில்லை. மணிமேகலையில் புகார் நகரத்தின் 'உலகவறவி' ஆதரவற்றோர் அடையும் பொதுவிடமாக வருகிறது. அதனோடு நில்லாமல் மணிமேகலை அரசனிடம் சென்று சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுகிறாள். அரசன் இசைகிறான். அடைத்து வைப்பதற்கென எழுந்த கட்டடம் இடிக்கப்பட்டதாகச் சாத்தனார் கூறவில்லை. அதனுள் சமைக்கும் கூடமும் உண்போர் அமரும் கூடமும் அமைந்தன, காவலும் உடனிருந்தது.